பினாங்கிலிருந்து தமிழ்நாடு எவ்வளவு தூரம்? வான்வழித் தொலைவும் பயண நேரமும்: ஒரு முழு விளக்கம்

பிறை: "பினாங்கிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?" இந்தக் கேள்விக்கு பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். ஒருவர் ஒரு மணி நேரம் என்பார். இன்னொருவர் ஆறு மணி நேரம் என்பார். மூன்றாமவர் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்பார். முதல் இருவரும் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்த்தவர்கள். மூன்றாமவர் சொல்வதே சரி.

பயணம் உல்லாசத்துக்கு என்றால் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டமில்லை. ஊரில் திருமணம், காதுகுத்து, கருமாதி என்று நாள் குறித்த காரியத்துக்குப் போகிறவர்களுக்கு அப்படியல்ல. அதிலும் இறப்புச் செய்தி கேட்டுப் புறப்படுகிறவர்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்வோம் என்று இங்கிருந்து சொன்னால்தான் அங்கே எடுக்கும் நேரத்தை முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கை யாரும் தாங்களே போட்டுப் பார்க்கும் வகையில் தூரம், நேரம், வழி ஆகிய மூன்றும் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

சுருக்கமான விடை

பாயான் லெப்பாஸிலுள்ள பினாங்கு அனைத்துலக விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழி நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,365 கிலோமீட்டர். மைல் கணக்கில் 1,470. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் ஏறத்தாழ 1,277.

நேரடி விமானத்தில் பயண நேரம் மூன்றரை மணியிலிருந்து மூன்றே முக்கால் மணி வரை. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதனால் கடிகாரத்தைப் பார்த்தால், போகும்போது ஒரு மணி நேரத்தில் போய்விட்டதுபோலவும் வரும்போது ஆறு மணி நேரம் ஆனதுபோலவும் தெரியும்.

தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வரைபடத்தின்மீது அளவுகோல் வைத்து அளப்பதில்லை. பூமி உருண்டை. இரண்டு ஊர்களுக்கிடையே அந்த உருண்டையின் மேற்பரப்பில் மிகக் குறுகிய கோடு எதுவோ அதுவே வான்வழித் தொலைவு. அதற்கு இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும்.

பினாங்கு விமான நிலையம் வடக்கு 5.3 பாகை, கிழக்கு 100.3 பாகையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் வடக்கு 13 பாகை, கிழக்கு 80.2 பாகையில் இருக்கிறது. அதாவது சென்னை நமக்கு மேற்கே 20 பாகை, வடக்கே ஏழே முக்கால் பாகை தள்ளியிருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். இதை வைத்துப் பள்ளி மாணவர்கூட வீட்டிலேயே தோராயமான கணக்கைப் போட்டுவிடலாம்.

இதே முறையில் மற்ற வழிகளின் தூரம்:

• பினாங்கு – சென்னை: 2,365 கிலோமீட்டர்
• பினாங்கு – திருச்சி: 2,450 கிலோமீட்டர்
• கோலாலம்பூர் (சிப்பாங்) – சென்னை: 2,630 கிலோமீட்டர்
• கோலாலம்பூர் – திருச்சி: 2,690 கிலோமீட்டர்
• பினாங்கு – கோலாலம்பூர்: 325 கிலோமீட்டர்
• பினாங்கு – சிங்கப்பூர்: 600 கிலோமீட்டர்
• சிங்கப்பூர் – சென்னை: 2,925 கிலோமீட்டர்

இந்தப் பட்டியலில் ஒன்று கண்ணில் படும். தலைநகரத்தைவிடப் பினாங்குதான் தமிழ்நாட்டுக்குப் பக்கம். சிப்பாங்கிலிருந்து சென்னை போவதைவிடப் பாயான் லெப்பாஸிலிருந்து போவது 265 கிலோமீட்டர் குறைவு. ஆனாலும் வடமலேசியத் தமிழர்களில் பலர் முதலில் தெற்கே கோலாலம்பூருக்குப் போய், அங்கிருந்து திரும்ப வடமேற்கே பறந்துதான் ஊருக்குப் போய்வருகிறார்கள். அப்படிப் போனால் சென்னைக்கு மொத்தம் 2,955 கிலோமீட்டர். நேர்வழியைவிட 590 கிலோமீட்டர் கூடுதல். சிங்கப்பூர் வழியாகப் போனால் 3,525 கிலோமீட்டர், கூடுதல் 1,160.

விமானம் எதன்மேல் பறக்கிறது?

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேர்கோடு போட்டால், அது சென்னைக் கடற்கரையைத் தாண்டியதும் வங்கக் கடலில் இறங்கி, நிக்கோபார் தீவுகளின் நடுப்பகுதியைக் கடந்து, அந்தமான் கடல் வழியாக மலாக்கா நீரிணையின் வடவாயிலை அடைகிறது. சென்னையிலிருந்து வரும்போது லங்காவியும் கெடாவின் ஜெராய் மலையும் இடது கைப் பக்கம் அமையும். திருச்சியிலிருந்து கோடு போட்டால், அது வேதாரண்யம் பக்கமாகக் கரையைக் கடந்து பெரிய நிக்கோபார் தீவை ஒட்டி வருகிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, 1025-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களில் மாநக்கவாரத்தையும் கடாரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. நக்கவாரம் என்பது நிக்கோபார். கடாரம் என்பது பிறைக்கு வடக்கே, பூஜாங் பள்ளத்தாக்கு அமைந்திருக்கும் கெடா. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்தக் கடல்வழியின் மேலேதான் இன்றைய விமானப் பாதையும் போகிறது.

உண்மையில் விமானம் இந்த நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. வான்போக்குவரத்துக்கு வகுக்கப்பட்ட பாதைகள் உள்ளன. வழியில் இடிமேகம் இருந்தால் ஒதுங்கிப் போக வேண்டும். ஆகவே பறந்த தூரம் நேர்த்தொலைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

2,365 கிலோமீட்டருக்கு ஏன் மூன்றரை மணி நேரம்?

இந்த வழிக்கு ஏற்றவை ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள். இவை உயரத்தில் மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,365-ஐ 830-ஆல் வகுத்தால் இரண்டு மணி 50 நிமிடம்தான் வருகிறது. மீதி எங்கே போகிறது?

டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரம் தரையைவிட்டு எழும்பும் நேரமும் அல்ல, தரையைத் தொடும் நேரமும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் பின்னே தள்ளப்படும் நேரம்தான் புறப்பாடு. போய்ச் சேரும் நிலையத்தில் நிறுத்துமிடத்துக்கு வந்து நிற்கும் நேரம்தான் வருகை. ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குமுன் வேகத்தைக் குறைத்து வரிசையில் நிற்பது, தரையிறங்கியபின் ஊர்வது ஆகிய எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் போகும். எனவே மூன்றரை மணி என்பது நியாயமான கணக்கே.

காற்றும் ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வலுவான காற்றோட்டம் வீசும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று எனப்படும் இதை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். இந்த மாதங்களில் சென்னைக்குப் போகும் விமானத்துக்குக் காற்று முதுகில் தள்ளிவிடும். பினாங்குக்கு வரும் விமானத்துக்கு அதே காற்று முகத்தில் வந்து மோதும். அதனால் ஒரே வழியில் போகும் நேரமும் வரும் நேரமும் பத்துப் பதினைந்து நிமிடம் மாறுபட்டால் வியப்பதற்கில்லை.

இரண்டரை மணி நேரக் கணக்கு

மலேசியாவின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முந்தியது. இந்திய நேரம் ஐந்தரை மணி முந்தியது. வித்தியாசம் இரண்டரை மணி. இரு நாடுகளிலும் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. ஆண்டு முழுவதும் இதே வித்தியாசம்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. பினாங்கிலிருந்து காலை மணி 9.30-க்குப் புறப்படும் விமானம் மூன்று மணி 35 நிமிடம் பறந்தால், சென்னை சேரும்போது மலேசிய நேரம் பிற்பகல் 1.05. அதிலிருந்து இரண்டரை மணியைக் கழித்தால் இந்திய நேரம் காலை 10.35. டிக்கெட்டில் 9.30 – 10.35 என்றே இருக்கும்.

திரும்பும்போது, சென்னையிலிருந்து அதிகாலை மணி 2.00-க்குப் புறப்பட்டு மூன்றே முக்கால் மணி பறந்தால் இந்திய நேரம் 5.45. இரண்டரை மணியைக் கூட்டினால் பினாங்கில் காலை 8.15. டிக்கெட்டில் 2.00 – 8.15 என்று இருக்கும்.

நினைவில் வைக்க ஒரே விதி: டிக்கெட்டில் அச்சிடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் நேரம். புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது. சேரும் நேரம் சேரும் ஊருடையது.

பலர் தவறவிடும் இன்னொரு இடம் தேதி. இந்தியாவிலிருந்து மலேசியாவுக்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு புறப்படுகின்றன. 22-ஆம் தேதி அதிகாலை 2.00 மணி என்று டிக்கெட் சொன்னால், 21-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விட வேண்டும். "22-ஆம் தேதி ராத்திரி" என்று எண்ணி மறுநாள் போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். ஊரில் உள்ள வயதானவர்களைத் தனியாக வரவழைக்கும்போது, "21-ஆம் தேதி சனிக்கிழமை இரவு 10 மணிக்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும்" என்று கிழமையோடும் நேரத்தோடும் சொல்லிவிடுவது நல்லது.

சூரியன் சொல்லும் நேரம் வேறு

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். பினாங்குக்கும் சென்னைக்கும் 20 பாகை இடைவெளி. ஆக இரண்டு ஊர்களுக்கும் சூரிய நேர வித்தியாசம் 80 நிமிடம்தான். கடிகாரம் மட்டும் 150 நிமிடம் காட்டுகிறது. தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைச் சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கியதால் வந்தது இது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி பிறந்தபோது தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. அதற்கு முன்பு இந்தியாவுக்கும் நமக்கும் வித்தியாசம் இரண்டு மணி நேரமே.

பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, பிற்பகல் 1.15-ஐ ஒட்டித்தான். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இங்கே நாள் குறிக்கிறவர்களுக்கு இது முக்கியம். திதி, நட்சத்திரம் முடியும் நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ளலாம். சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடும் இராகுகாலம் போன்றவற்றுக்கு அப்படிக் கூட்டக்கூடாது. அவற்றை உள்ளூர் உதயத்தை வைத்தே பார்க்க வேண்டும். 1982-க்கு முன்பு இங்கே பிறந்தவர்களின் ஜாதகத்தைத் தமிழ்நாட்டில் எழுதக் கொடுக்கும்போதும் அன்றைய வித்தியாசம் இரண்டு மணி நேரம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கப்பல் நாள்களில்

இந்தத் தூரம் ஒரு காலத்தில் நாள் கணக்கில்தான் அளக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு கடல்வழியில் ஏறத்தாழ 2,330 கிலோமீட்டர். மணிக்கு 12 கடல் மைல் வேகத்தில் போகும் நீராவிக் கப்பல் எங்கும் நிற்காமல் வந்தாலும் நான்கு நாளைத் தாண்டும். சென்னையில் ஏறி நாகையில் ஆள் ஏற்றி வந்தவர்களுக்கு ஏறத்தாழ ஒரு வாரம்.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் நிறுவனத்தின் 'ரஜூலா' கப்பலை அறியாத மூத்த தலைமுறைத் தமிழர் இங்கே குறைவு. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம்வரை ஓடியது. பின்னர் இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்' கப்பல் அந்த வழியில் ஓடியது. 1980-களில் அதில் ஏற்பட்ட தீவிபத்தில் பலர் மாண்டனர். அதோடு அந்தக் கப்பல் சேவை முடிவுக்கு வந்தது.

தோட்டத்துக்கு ஆள் எடுத்த காலத்தில் வந்தவர்களுக்குக் கப்பலைவிட்டு இறங்கியதோடு பயணம் முடியவில்லை. பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. அங்கே நாள்களைக் கழித்து, அதன்பின் பெருநிலத்துக்கு வந்து, ரயில் ஏறித் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். பட்டர்வொர்த்துக்கு மாறும்வரை, பினாங்குக்கு எதிர்க்கரையில் ரயில் வந்து நின்ற இடம் பிறைதான். அதற்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், செபெராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்துவிட்டனர். இன்று இங்கிருந்து ஊருக்குப் போகும் பலருடைய குடும்பக் கதை இந்த வழியில்தான் தொடங்குகிறது.

அந்த நாளில் ஊரில் தாய் தகப்பன் இறந்தால், கடிதம் வந்து சேர்வதற்குள் கருமாதி முடிந்திருக்கும். தந்தி வந்தாலும் கப்பல் போய்ச் சேராது. மூன்றரை மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நேரடி விமானமா, கோலாலம்பூர் வழியா?

இண்டிகோ நிறுவனம் 2024 டிசம்பர் 21-ஆம் தேதி சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது. வடமலேசியத் தமிழர்களுக்கு இது நல்ல செய்தி. விமானங்களின் நேரமும் நாள்களும் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால், பயணத்துக்கு முன் நிறுவனத்திடமே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் நேரடி விமானமே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. போக வேண்டிய ஊர் எது என்பதைப் பொறுத்தது. மலாயாவுக்கு வந்த தமிழர்கள் பெரும்பாலும் வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் என்றால் சென்னை விமான நிலையம் பக்கம். தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடி, நாகை என்றால் திருச்சி பக்கம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலைவழியில் 330 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து தஞ்சைக்கு 60 கிலோமீட்டருக்குள்தான்.

பிறையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து தோராயக் கணக்கு இப்படி வரும்.

சென்னை நகருக்கு, நேரடி விமானம்: பாலம் கடந்து விமான நிலையம் சேர 1 மணி, முன்கூட்டிக் காத்திருப்பு 3 மணி, விமானம் மூன்றே முக்கால் மணி, குடிநுழைவும் பெட்டியும் ஒன்றேகால் மணி. மொத்தம் 9 மணி நேரம்.

சென்னை நகருக்கு, கோலாலம்பூர் வழி: விமான நிலையம் சேர 1 மணி, காத்திருப்பு 2 மணி, கோலாலம்பூருக்கு 1 மணி, அங்கே மாறுவதற்கு 3 மணி, சென்னைக்கு 4 மணி, வெளியே வர ஒன்றேகால் மணி. மொத்தம் 12 மணிக்குச் சற்று மேல்.

தஞ்சாவூருக்கு, நேரடியாகச் சென்னை போய்ச் சாலைவழி: மேற்சொன்ன 9 மணியோடு காரில் ஆறரை மணி. மொத்தம் பதினைந்தரை மணி நேரம்.

தஞ்சாவூருக்கு, கோலாலம்பூர் போய்த் திருச்சி விமானம்: 1, 2, 1, 3, 4 என்று 11 மணி, வெளியே வர 1 மணி, சாலையில் ஒன்றேகால் மணி. மொத்தம் 13 மணிக்குச் சற்று மேல்.

அதாவது சென்னை நகருக்கு நேரடி விமானம் மூன்று மணி நேரத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. தஞ்சைக்கோ, வானில் தூரம் கூடினாலும் திருச்சி வழியே இரண்டு மணிக்கு மேல் முந்துகிறது. ஆனால் கோலாலம்பூரில் மாறும் விமானம் உடனே கிடைக்காமல் ஆறேழு மணி காத்திருக்க நேர்ந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். தூரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் பயணத்தைத் தீர்மானிக்கிறது.

கோலாலம்பூரில் மாறும்போது

டிக்கெட்டில் நகரத்தின் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் விமானங்களில் சில சுபாங்கில் இறங்கும். இந்தியாவுக்கான விமானங்கள் சிப்பாங்கிலிருந்து புறப்படும். இரண்டுக்கும் இடையே சாலைவழியில் 50 கிலோமீட்டருக்கும் மேல். டிக்கெட்டில் சிப்பாங் கேயுஎல் என்றும், சுபாங் எஸ்இசட்பி என்றும் குறிக்கப்படும். பினாங்கின் குறியீடு பிஇஎன், சென்னை எம்ஏஏ, திருச்சி டிஆர்இசட்.

சிப்பாங்கிலும் இரண்டு முனையங்கள். ஏர் ஆசியா இரண்டாம் முனையத்தில் இயங்குகிறது. மலேசியா ஏர்லைன்ஸ் முதலாம் முனையத்தில் இயங்குகிறது. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டுமானால் ரயிலிலோ பேருந்திலோதான் போக வேண்டும்.

இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பாகும். தனித்தனியாக வாங்கினால் பயணியே மறுபடி டிக்கெட் வாங்க வேண்டிவரும். பெட்டியையும் எடுத்துத் திரும்பப் பதிய வேண்டும். அப்படித் தனித்தனியாக வாங்குகிறவர்கள் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் விட்டுக்கொள்வது பாதுகாப்பு.

விமானத்தைத் தவிர்த்து ரயிலிலும் போகலாம். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு இடிஎஸ் ரயிலில் நான்கு மணிக்குச் சற்று மேல். அங்கிருந்து 57 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முதலாம் முனையத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம். பாலம் கடந்து தீவுக்குப் போகத் தேவையில்லை என்பது பெருநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி.

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ்

நேராகப் பார்த்தால் பிறைக்கும் விமான நிலையத்துக்கும் 15 கிலோமீட்டர்தான். நடுவில் கடல். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் பிறையிலேயே தொடங்குகிறது. அதன் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேலே 8.4 கிலோமீட்டர். 2014 மார்ச் 1-இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கிறது. 24 கிலோமீட்டர் நீளமானது. நிபோங் திபால், சிம்பாங் அம்பாட், பத்து காவான் வட்டாரத்தவர்களுக்கு விமான நிலையம் போக இரண்டாவது பாலமே வசதி.

வேலை முடியும் நேரத்திலும் பண்டிகை விடுமுறையிலும் முதல் பாலத்தில் நெரிசல் கடுமையாகும். இந்தியாவுக்குப் போக வானில் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டவர்கள் பாலத்தில் ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனைத்துலகப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருப்பது முறை. நிலையத்தில் விரிவாக்கப் பணிகள் நடந்துவருகின்றன. ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகள் என்ற கொள்ளளவை 1 கோடியே 20 லட்சமாக உயர்த்துவது நோக்கம்.

அவசரத்துக்குத் தடை தூரமல்ல, விசா

இறப்புச் செய்தி கேட்டுப் புறப்பட நினைக்கிற மலேசியர்களை நிறுத்தி வைப்பது பெரும்பாலும் விமானமல்ல. இந்தியா செல்ல மலேசியக் குடிமக்களுக்கு விசா தேவை. 30 நாள் மின் சுற்றுலா விசாவுக்குப் பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மூன்றரை மணி நேரப் பயணத்துக்கு நான்கு நாள் காத்திருப்பு.

ஊரில் வயதான பெற்றோர், அத்தை, மாமா உள்ளவர்கள் நீண்ட நாள் செல்லத்தக்க விசாவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஓராண்டு, ஐந்தாண்டு வகைகளும் உள்ளன. வெளிநாடு வாழ் இந்தியர் அட்டையான ஓசிஐ வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் கடப்பிதழை எடுத்துப் பார்த்து, நான்கு மாதம்தான் இருக்கிறது என்று தெரியவந்தால் விமானம் இருந்தும் பயனில்லை.

அங்கிருந்து இங்கே வருகிறவர்களுக்கு நிலைமை எளிது. இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா வர அனுமதி உண்டு. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் மலேசிய மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்க வேண்டும். கைப்பேசி பழக்கமில்லாத பெரியவர்களுக்கு இங்குள்ள பிள்ளைகளே அதை நிரப்பித் தரலாம்.

புறப்படும் முன் சரிபார்க்க

• டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரமும் அந்தந்த ஊர் நேரம். போகும்போது இரண்டரை மணியைக் கழிக்கவும், வரும்போது கூட்டவும்.
• நள்ளிரவு 12 மணிக்குப் பிந்திய விமானம் என்றால் முந்தைய நாள் இரவே நிலையத்தில் இருக்கவும்.
• கோலாலம்பூர் என்றால் சிப்பாங்கா, சுபாங்கா என்று பார்க்கவும். முனையத்தையும் பார்க்கவும்.
• போகும் ஊர் சென்னைக்குப் பக்கமா, திருச்சிக்குப் பக்கமா என்று சாலைத் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடவும்.
• ஊருக்குச் சேரும் நேரத்தைச் சொல்லும்போது விமானம் தரையிறங்கும் நேரத்தைச் சொல்ல வேண்டாம். வெளியே வர ஒன்றேகால் மணியையும் சாலை நேரத்தையும் சேர்த்து, இந்திய நேரத்தில் சொல்லவும்.
• கடப்பிதழையும் விசாவையும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துத் தேதியைக் குறித்து வைக்கவும்.